ரெஃபரன்ஸ் லிஸ்டால் திரும்பி வந்த கட்டுரை

கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவே இல்லை. ரிவ்யூவர் கைக்குப் போகும் முன்பே, ஜர்னல் அலுவலகத்தின் முதல் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொன்ன காரணம் ஒரே வரி: "ரெஃபரன்ஸ்கள் எங்கள் ஜர்னலின் பாணியில் இல்லை." எந்த ரெஃபரன்ஸ், என்ன பிழை, எதுவும் கிடையாது. நிலவேம்பு பற்றிய கட்டுரை அது. வருஷக்கணக்கில் லேபில் நின்று எடுத்த ரிசல்ட் ஒரு கமாவுக்கும் புள்ளிக்கும் காத்துக்கிடப்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. இதே இடத்தில் மாட்டப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து லிஸ்டாக அடுக்கித் தரும் ஜோட்டெரோ சாஃப்ட்வேரை நிறுவுவது, வேர்டோடு இணைப்பது எல்லாம் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். ஜர்னல் கேட்டது வான்கூவர் பாணி: உரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண்.

முதல் சிக்கல் அவர்களுடைய வழிகாட்டியிலேயே இருந்தது. ஆறு ஆசிரியர்கள் வரை பெயர் போடு, அதற்கு மேல் போனால் 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போடு என்று விதி சொன்னது. அதற்குக் கீழேயே கொடுத்திருந்த மாதிரியில் எட்டுப் பேரின் பெயரும் முழுசாக இருந்தது. எது சரி என்று கேட்டு மெயில் போட்டேன். "வழிகாட்டியைப் பார்க்கவும்" என்று பதில் வந்தது. அந்த வழிகாட்டியின் இரண்டு வரிகளை எடுத்துப் போட்டுத்தான் கேட்டிருந்தேன்! மறுபடி கேட்டதற்கும் அதே வாசகம், கீழே வேறொருவர் பெயர். சரி, இவர்களை நம்பிப் பயனில்லை என்று அந்த ஜர்னலில் புதிதாக வெளியான கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆறு பேர், அப்புறம் எட் ஆல். வழிகாட்டி குழப்பினால் வெளியான கட்டுரையைப் பாருங்கள். அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஜோட்டெரோவில் பத்தாயிரத்துக்கும் மேல் பாணிகள் கிடைக்கின்றன, ஆனால் இந்த ஜர்னலுக்கானது பழையதாக இருந்தது. பாணிக் கோப்பைத் திறந்து எட்-ஆல்-மின் (எத்தனை பேர் இருந்தால் எட் ஆல் வர வேண்டும்) என்ற இடத்தில் 7, எட்-ஆல்-யூஸ்-ஃபர்ஸ்ட் (அப்போது எத்தனை பெயர் காட்ட வேண்டும்) என்ற இடத்தில் 6 போட்டதும் சரியாகிவிட்டது. திருத்திய கோப்புக்கு வேறு தலைப்பும் வேறு ஐடியும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் வந்து உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.

பாணி சரியானதும் லிஸ்டில் இருந்த மற்ற பிழைகள் கண்ணில் பட்டன. வேர்டிலேயே ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தபோது லேபில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "ஏம்மா, லிஸ்ட்ல கை வைக்காத. ஜோட்டெரோ லைப்ரரில போய்த் திருத்து. ரெஃப்ரெஷ் குடுத்தா நீ பண்ணது அத்தனையும் போயிடும்" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே மதிப்பான வார்த்தை அதுதான். சாஃப்ட்வேர் புள்ளியும் கமாவும் மட்டும்தான் வைக்கும். உள்ளே இருக்கும் தகவல் தப்பாக இருந்தால் தப்பையே அழகாக அடுக்கிக் கொடுக்கும்.

கூகுள் ஸ்காலரிலிருந்து இறக்கிய பதிவுகளில் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இல்லை. பழைய கட்டுரைகள் சிலவற்றின் தலைப்பு முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் இருந்தது. அவற்றை சென்டென்ஸ் கேஸுக்கு (தொடக்க எழுத்து மட்டும் கேப்பிடல்) மாற்றினால், நிலவேம்பின் தாவரவியல் பெயரான ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டாவின் முதல் எழுத்தும் சேர்ந்து சின்னதாகிவிட்டது. தாவரப் பெயர் சாய்வெழுத்தில் வர, தலைப்பிலேயே அதற்கு முன்னும் பின்னும் எச்டிஎம்எல்லின் ஐ குறியீட்டை (<i>, </i>) போட வேண்டும். பிளாஸ் ஒன் மாதிரிப் பக்க எண் இல்லாத ஜர்னல் என்றால், 'e' என்று தொடங்கும் கட்டுரை எண்ணைப் பக்கத்துக்கான இடத்தில் போடுங்கள். ஜர்னல் பெயர்ச் சுருக்கத்தை ஊகிக்க வேண்டாம், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாகில் தேடினால் கிடைக்கும். பைட்டோமெடிசின் போல ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கக் கூடாது.

எனக்கு மனசு கேட்காதது பெயர் விஷயம்தான். எங்கள் துறையில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் நிறையப் பேர். ஒரு பேச்சுக்குக் கார்த்திகேயன் என்று ஒருவர், அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வையுங்கள். எஸ். கார்த்திகேயன் என்று எழுதியிருந்தால் லிஸ்டில் 'கார்த்திகேயன் எஸ்' என்று ஒழுங்காக வரும். இனிஷியலை விரித்து கார்த்திகேயன் சுப்பிரமணியன் என்று எழுதிய கட்டுரைக்கு 'சுப்பிரமணியன் கே' என்று வரும். ஆய்வு செய்தது மகன், மேற்கோளில் நிற்பது அப்பா. ஒரே லிஸ்டில் ஒரே மனிதர் இரண்டு ஆளாக இருக்கிறார். இதை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, கட்டுரை எந்தப் பெயரில் வெளியானதோ அதையே போட வேண்டும். ஆனால் பதிவே பிழையாக, இனிஷியல் போய்க் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்து 'எஸ் கே' என்று வந்திருந்தால் கட்டாயம் திருத்துங்கள். அந்த வேலையைச் செய்தவருக்குச் சேர வேண்டிய பெயர் அது. நான் ஒவ்வொரு பிடிஎஃபின் முதல் பக்கத்தையும் திறந்து ஒப்பிட்டேன். கண் எரிந்தது, ஆனாலும் விட மனசில்லை. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே உங்கள் பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஓஆர்சிஐடியின் 16 இலக்க எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

இந்த அலசலில் ஒரு நல்லதும் நடந்தது. ஜோட்டெரோவில் ஒரு பதிவின் மேல் சிவப்புப் பட்டை: அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் தளத்தின் தரவை வைத்து அது தானாகவே எச்சரிக்கிறது. அந்த மேற்கோளை நீக்கி, அந்த வாக்கியத்துக்கு வேறு ஆதாரம் தேடிப் போட்டேன்.

அட்டவணை பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, உரையில் 'அட்டவணை 1' என்று முதலில் குறிப்பிடும் இடத்தை வைத்துத்தான் எண் தர வேண்டும். மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇயின் விதி அது. ஜர்னலோ அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கச் சொல்கிறது. அப்படி வைத்தால் சாஃப்ட்வேர் அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அட்டவணையை உரைக்குள் அதன் இடத்தில் வைத்து எண் வரவிட்டு, அனுப்பப்போகும் நகலில் ஜோட்டெரோவுடனான இணைப்பை எடுத்த பிறகு கடைசிக்கு நகர்த்தினேன்.

இரண்டாம் முறை அனுப்பியபோது ஒரு கேள்வியும் வரவில்லை, நேராக ரிவ்யூவுக்குப் போனது. அந்த மெயிலைக் கைடுக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இணைப்பை எடுப்பதற்கு முன் இருந்த கோப்பை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்திவிடுங்கள். எடுத்துவிட்டால் எண்கள் வெறும் எழுத்தாகிவிடும், திரும்ப ஒட்ட வழியில்லை. ரிவ்யூவர் முன்னுரையில் இன்னும் சில கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னார். பழைய கோப்பைத் திறந்து சேர்த்து ரெஃப்ரெஷ் கொடுத்தேன், அதற்குப் பின்னால் இருந்த எண்கள் எல்லாம் தாமாகவே நகர்ந்துகொண்டன.