ரீசிட்ல (மறுதேர்வுல) பாஸ் ஆயிட்டேன்: கிராமத்து இன் ரிப்போர்ட் எழுதப் போறவங்களுக்கு

நேத்து ரிசல்ட் வந்துச்சு, பில்டிங் ஹிஸ்டரி பாஸ். கிராமத்து இன் ஒண்ணை, அதாவது பார் இருக்கற பழைய சத்திரத்தை, பார்த்து வயசு கணிச்சு ரிப்போர்ட் எழுதணும், அதுதான் பரீட்சை. ஒரு வருஷமா நெஞ்சுல இருந்த கல்லு இறங்கிடுச்சு. இங்கிலாந்துல கன்சர்வேஷன் (பழைய கட்டடப் பாதுகாப்பு) படிக்கிற நம்ம பசங்க அதை எப்படி எழுதறதுன்னு கேட்டுட்டே இருந்தீங்க, சூட்டோட சூடா எழுதிடறேன்.

முதல் தடவை ஏன் போச்சுன்னா முகப்பைப் பார்த்தே வயசு போட்டேன். செங்கல் முகப்பு, தட்டையா இருந்துச்சு, சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் நகர்த்தித் திறக்கறது) எல்லாம் வரிசையா, அதனால 18ஆம் நூற்றாண்டுன்னு எழுதிட்டேன். வைவால (வாய்மொழித் தேர்வுல) கேட்டது ஒரே கேள்வி, "உள்ள இருக்கற உத்தரத்தோட அடிப்பக்கம் பார்த்தீங்களா?" பார்க்கல. அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

அப்புறம்தான் சாமர்செட்ல நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் ஜார்ஜ் இன்னுக்குப் போனேன். ஹிண்டன் மடத்துத் துறவிங்களோட சத்திரம் அது, கம்பளிச் சந்தைக்கு வர்ற வியாபாரிங்க தங்க, சரக்கு வைக்க. கீழ்த்தளம் கல்லு, மேல ரெண்டு தளம் மரச்சட்டம், அது தெருப்பக்கமா முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கும். அந்த ஓவர்ஹேங்குக்குக் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது, கீழ்ச்சுவர் ஒரு கோட்டுல, மேல்ச்சுவர் வேற கோட்டுல. 1668ல டைரி எழுதின பெப்பிஸ் சாப்பிட்டது, 1685ல ராஜாவை எதிர்த்துக் கலகம் பண்ண மான்மத் பிரபு தங்கினது எல்லாம் ஒரு வரி போதும், அதை மனப்பாடம் பண்ணி நேரத்தைக் கெடுத்துக்காதீங்க.

ரீசிட்டுக்கு வேற கிராமம், மறுபடி செங்கல் முகப்பு. இந்தத் தடவை நேரா உள்ள போய் டார்ச் அடிச்சேன். முன்ரூம்ல தெருவுக்கு இணையா ஓடுற உத்தரம், அதோட அடிப்பக்கம் வரிசையா காலி மார்ட்டிஸ் துளை (சுவரோட நிக்கற கட்டைங்க முனையைச் செருக வெட்டின குழி), ஒவ்வொண்ணுக்கும் பக்கவாட்டுல மர ஆணி போன ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ள உளி பட்ட தடம் அப்படியே இருக்கு. உத்தரத்தைத் தாண்டி மாடிக் கட்டைங்க இன்னும் ஒன்றரை அடி போய்தான் செங்கலைத் தொடுது. அப்ப பழைய முன்சுவர் இந்த உத்தரத்துக்குக் கீழதான் நின்னிருக்கு, மாடி வெளிய நீட்டிட்டு இருந்திருக்கு, பின்னாடி வந்தவங்க அந்த நீட்டலுக்குக் கீழ செங்கல் கட்டி முகப்பைத் தட்டையாக்கிட்டாங்க. என் மார்க் முழுக்க இந்தத் துளைலதான் வந்துச்சுன்னு நினைக்கிறேன்.

மத்தது:

- டார்ச்சை நேரா அடிக்காதீங்க, மரத்தை ஒட்டி சாய்ச்சு அடிங்க. கீறல் அப்பதான் தெரியும்.
- ரோமன் எண் மாதிரி கீறல் இருந்தா குறிச்சுக்கோங்க. தச்சர் சட்டத்தைத் தரைல படுக்க வச்சுப் பொருத்தி, நம்பர் கீறி, பிரிச்சுக் கொண்டுபோய் நிறுத்துவார். நம்பர் வரிசை உடைஞ்சா அங்க ஏதோ மாத்தியிருக்காங்க.
- கூரைக் கட்டைல புகைக்கரி இருக்கா? இருந்தா கீழ ஒரு காலத்துல மாடி இல்லாம கூரை வரைக்கும் திறந்த ஹால், நடுவுல நெருப்பு.
- கறுப்பு பெயின்ட் அடிச்ச மரத்தைப் பார்த்து ட்யூடர்னு (16ஆம் நூற்றாண்டு வாக்குல) எழுதாதீங்க. அந்தக் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஃபேஷன்.
- குரூப்பா போகாதீங்க, எனக்கு அது சரிப்படவே இல்ல. பார் திறக்கறதுக்கு முன்னாடி, ஓனர்கிட்ட ஃபோன்ல கேட்டுட்டு, தனியா போங்க.