தீயணைப்பு வண்டி எங்கள் பள்ளிக்கு வர ஆறு வாரம்

ஒருவழியாகப் போன வியாழக்கிழமை எங்கள் பள்ளி மைதானத்தில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செயல்முறை விளக்கம், கூடவே அந்த வேலையில் சேருவது எப்படி என்று ஒரு பேச்சு. கேட்டது இவ்வளவுதான். அதற்கு ஆறு வாரம் அலைந்தேன்.

முதலில் நேராக எங்கள் ஊர் நிலையத்துக்குப் போனேன். நிலைய அலுவலர் உட்கார வைத்துப் பேசினார். "தாராளமா வர்றோம் டீச்சர். எச்.எம். கையெழுத்தோட ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க." மறுநாளே கொடுத்தேன். பத்து நாள் சத்தமே இல்லை. கேட்டால், அனுமதிக்காக மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். அரை நாள் விடுப்பு போட்டு, பஸ் பிடித்து அங்கே போனேன். எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அப்படி எந்த லெட்டரும் வரலையே. நம்பர் இருக்கா? தேதி தெரியுமா?" என்னிடம் எதுவும் இல்லை. பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று கேட்டதற்கு, சாப்பிட்டு வந்து பார்க்கிறேன் என்று எழுந்து போனவர் மூன்றரை மணி வரை வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்து நிற்கிற ஒருத்தியை இப்படியா நிற்க வைப்பது? இன்னும் மனசு ஆறவில்லை.

யார் கடிதம் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இரண்டாம் முறை அப்படிச் செய்தேன்; நாலே நாளில் அனுமதி வந்துவிட்டது. மாற்று நாள் ஒன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். முதலில் குறித்த நாளில் பிள்ளைகள் மைதானத்தில் காத்திருக்கும்போது பத்தரைக்கு போன் வந்தது. எங்கோ வைக்கோல் போர் பற்றி எரிகிறது, வண்டி அங்கே போயாக வேண்டும். அதற்குக் கோபப்பட முடியுமா? ஆனால் அடுத்த தேதிக்கு மறுபடி முதலிலிருந்து நடந்தேன்.

வந்தவர்கள் அருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறக்கணும் என்பதெல்லாம் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. சிலிண்டரைப் பற்ற வைத்ததும்தான் மைதானம் அமைதியானது. ஒரு வீரர் நனைத்த சாக்கின் இரண்டு முனைகளையும் தன் கைகளை மறைத்துச் சுற்றிப் பிடித்தார். முகத்துக்கு முன்னால் கேடயம்போல் தூக்கிக்கொண்டு போய், தன் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் போர்த்தினார். தீ பட்டென்று அடங்கியது. "யார் வர்றீங்க?" பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பிளஸ் டூ பெண் ஒருத்தி எழுந்து போனாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் பாவாடை நனைந்தது. கை நடுங்கியது. ஆனாலும் அணைத்துவிட்டாள்.

வேலை பற்றிய பேச்சில் அவளேதான் முதலில் கேட்டாள்: "சார், நாங்களும் இதுல சேரலாமா?"

அலுவலர் மழுப்பவில்லை. தீயணைப்பாளர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது, பத்தாம் வகுப்பு போதும், தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு, 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும். ஆனால் 2023 அறிவிப்பிலும் அந்த இடங்கள் ஆண்களுக்கு மட்டும்தான். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்து நிமிடம் முன்புதான் தீயை அணைத்துவிட்டு வந்தவள்! அவர் விடாமல் தொடர்ந்தார்: "டிகிரி முடிச்சு டி.என்.பி.எஸ்.சி. குரூப் ஒன் எழுதும்மா, நேரா மாவட்ட அலுவலராவே வரலாம்." அப்படி வந்தவர்கள்தான் மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்துத் தீயில் பிரியா படுகாயமடைந்ததையும் சொன்னார். அவள் இரண்டு பெயரையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் இந்தக் கேள்விக்கு விவரத்தோடு வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவர்கள் வருவதற்கு முன் உங்கள் பள்ளித் தீயணைப்பானை ஒருமுறை பாருங்கள். எங்கள் ஆய்வகத்துச் சுவரில் இருந்ததில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இல்லாமல் சிவப்பில் நின்றது. தினமும் அதன் அருகில் நின்று பாடம் எடுக்கிற நான் அதைக் கவனித்ததே இல்லை.

கடைசியாக, தீப்பிடித்தால் வெளியேறும் ஒத்திகை. அதற்கு முன் அலுவலர் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைப் பற்றிப் பேசினார்: 2004 ஜூலை 16, இறந்தது 94 குழந்தைகள். எங்கள் பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை, நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் மாடியிலிருந்து இறங்கினார்கள். முன்படியில் நெரிசல். பின்படியில் இறங்கியவர்கள் கீழே கம்பிக் கதவுக்கு முன் அப்படியே நின்றுவிட்டார்கள். பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். அவர் முன்வாசலில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் மைதானம் வந்து சேர ஆறு நிமிடத்துக்கு மேல் ஆனது. அலுவலர் யாரையும் திட்டவில்லை. பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு எச்.எம்.மிடம், "சார், இது பகல்ல பூட்டவே கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றி, உள்ளிருந்து திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போட்டாயிற்று. திங்கட்கிழமை நாங்களே மணி அடித்துப் பார்த்தோம். கடைசிப் பிள்ளை வேப்பமரத்தடிக்கு வந்தபோது 2 நிமிடம் 40 விநாடி.