பல்லைப் பார்த்துத் தண்ணீரைக் கணக்கிடுவது

அரசுப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது தணிக்கைக்காரர் வேலை. போய்ச் சேர்ந்து என்ன ஆனது என்று பார்ப்பது, திட்டங்களின் பலனை மதிப்பிடும் எங்கள் வேலை. இந்த வித்தியாசத்தைத் தர்மபுரியில் நான் முழுசாகப் புரிந்துகொண்டது பிள்ளைகளின் பற்களை வைத்துத்தான்.

மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பழைய கதை. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. போர் (ஆழ்துளைக் கிணறு) எவ்வளவு ஆழம் போகிறதோ, அவ்வளவு காலம் பாறையோடு கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது என்பது கணக்கு. பென்னாகரம் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் கை தானாக வாய்க்குப் போகும். முன்பல்லில் ஃபுளோரைடு போட்ட பழுப்புக் கோடுகள். பெண் பிள்ளை என்றால் அம்மாவுக்குக் கல்யாணக் கவலை இப்போதே வந்துவிடும்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் திறந்தார்கள். திறந்த மறு வருஷமே ஒருவர் எட்டாம் வகுப்பில் போய்ப் பல்லைப் பார்த்திருந்தால் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதியிருப்பார். தப்பான கணக்கு. முன்வரிசை நிரந்தரப் பற்களின் எனாமல் பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும். வெளியே முளைப்பது ஆறிலிருந்து எட்டு வயதில். உள்ளே இருக்கும்போது பட்ட கறை பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் போகாது. அதாவது 2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு முன்பல் முளைத்த பிறகுதான் திட்டத்துக்கு மதிப்பெண் போடவே முடியும். 2020-க்கு முன்னால் எழுதிய எந்தத் தீர்ப்பும் அவசரத் தீர்ப்புதான். மூன்று வருஷத்தில் 'இம்பாக்ட்' கேட்கும் அதிகாரிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், இதில் ஒரு வசதியும் உண்டு. வகுப்புவாரியாகப் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தால், எந்த வருஷத்திலிருந்து எந்த ஊருக்கு நல்ல தண்ணீர் வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். பம்பு ஆபரேட்டரின் நோட்டைவிட நம்பகமான ஆவணம் அது.

அப்படிப் பார்த்ததில் ஓர் ஊர் இடித்தது. குழாய் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது, சின்னப் பிள்ளைகளுக்கும் கறை இருக்கிறது. 'குடிக்கிற தண்ணி எதுங்கம்மா?' என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில், காவேரித் தண்ணி. பொய்யில்லை. ஒரு வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் எங்கள் குழுப் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில், "இதுக்கும் அதே தண்ணியா?" என்று கேட்டாள்.

"காவேரித் தண்ணி தினமும் எங்கம்மா வருது? குடிக்கறதுக்குப் புடிச்சி வெப்போம். பருப்பு வேக வெக்க ஒரு சொம்பு. களிக்கெல்லாம் போர் தண்ணிதான்."

பருப்பு போர் தண்ணீரில் வேகாது, அதனால் அதற்கு மட்டும் சலுகை. களி எதிலும் வேகும். கொதித்தாலும் ஃபுளோரைடு ஆவியாகிப் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தினமும் களி தின்கிற ஊரில், வாயில் ஊற்றும் தண்ணீரை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதித் தண்ணீர் கணக்கில் வராது. அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் களிக்கும் சோற்றுக்கும் தனித்தனிக் கேள்வி இருக்கிறது. மேலிடத்தில் ஒருவர், "களிக்குக் கூடவா ஒரு கட்டம்?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மருந்து விஷயத்திலும் இதே சிக்கல்தான். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். தேவையான திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020-இல் நடந்த மாநில ஸ்டெப்ஸ் (தொற்றா நோய்கள்) ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். ஆனால் செய்தியில் வருவது மொத்தப் பயனாளிகள் எண்ணிக்கை. அது ஏறும், இறங்காது. மாத்திரை வாங்கி மஞ்சள் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கும் பாட்டியும் அதில் ஒருவர். "தல சுத்துனா ஒண்ணு போட்டுக்குவேன் சாமி" என்றார். வீடு தேடிப் போகும் தன்னார்வலருக்கு இது தெரியும், அவர் நிரப்பும் படிவத்தில் இதை எழுதத்தான் கட்டம் இல்லை. டப்பாவைத் திறந்து மாத்திரையை எண்ணி, அங்கேயே பிரஷர் பார்ப்பது மெதுவான வேலைதான். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கப் போனால் அன்றைக்கு வந்த பிள்ளைகளைத்தான் சோதிக்க முடியும். பெற்றோரோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போன பிள்ளை எமிஸ் என்ற அரசு மாணவர் பதிவேட்டில் இருக்கும், பெஞ்சில் இருக்காது. சோதித்திருந்தால் தடுமாறக்கூடியது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். ஆக வராதவர்கள் கூடக்கூடப் பள்ளியின் சராசரி உயரும். கர்நாடக எல்லையோரத்துத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு முடிச்சு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை தமிழ்ப் பத்தியைத் திக்கித் திக்கி வாசித்தால், அது வாத்தியார் குறையா மொழிக் குறையா என்று ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே வருஷத் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை என்று அதே பிள்ளையைப் பார்த்தால்தான் உண்டு.

வாசிப்புச் சோதனையின் அடுத்த சுற்றைப் பொங்கலையொட்டி வைக்கக் கேட்டிருக்கிறோம். பெங்களூர் போன குடும்பங்கள் அப்போதுதான் ஊரில் இருக்கும். ஆனால் பள்ளி லீவில் இருக்கும், அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. வீட்டுத் திண்ணையில் வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோப்பு இன்னும் மேஜையில் இருக்கிறது.