ஊர்ல எடுக்குமா?

"தம்பி, இது ஊர்ல எடுக்குமா?"

"எடுக்கும்ணே" என்றேன். பொய் இல்லை. 2005-ல், சிங்கப்பூர் தேக்காவில் நான் வேலை பார்த்த போன் கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் தாண்டி ஆள் நிற்கும்போது சொன்ன பதில். இன்றும் உறுத்துகிறது.

அவர் வாங்கியது நோக்கியா 1100. தலையில் டார்ச் உள்ள போன். உள்ளங்கையைக் குவித்து அதற்குள் டார்ச்சை அடித்துப் பார்த்துச் சிரித்தார். சம்சாரத்துக்கு என்றார்.

இரண்டு மாதம் கழித்து டாப்-அப் கார்டு வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். ஊரில் வீட்டில் ஏற்கெனவே சிடிஎம்ஏ என்ற வேறு வகை போன் இருக்கிறதாம். அதில் கழற்றிப் போட சிம்மே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். சொந்தபந்தம் எல்லாரிடமும் அந்த நம்பர்தான். மாற்ற மனசு வரவில்லை. "கரண்டு போனா நோக்கியா டார்ச்சைத்தான் அடிச்சுக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போறா" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

சொல்லவும் இருந்தது. சிங்கப்பூருக்கு ஜிஎஸ்எம், அதாவது சிம் போட்டுப் பேசும் முறை, 1994-லேயே வந்துவிட்டது. 1997-ல் எம்1 என்ற போன் நிறுவனம் தொடங்கியபோது ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ இரண்டையும் வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிடிஎம்ஏ போய்விட்டது. எந்த சிம்மையும் எந்த போனிலும் போட்டுப் பழகிய ஊர் இது, இங்கே சிம் சேருமா என்ற கேள்வியே எழாது. இந்தியாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் சிடிஎம்ஏ போன் கொடுத்தது.

இதெல்லாம் தெரியாமல் விற்றேன் என்றால் சரி. எனக்குத் தெரியும். என் மாமா வீட்டிலேயே அப்படியொரு போன் இருந்தது.

புது சிம் போட்டிருந்தால் நோக்கியா வேலை செய்திருக்கும், போடாதது அவர்கள் முடிவு என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனைவி கையில் அது வேலை செய்யுமா என்றுதான் அவர் கேட்டார். அது அப்போதே எனக்குப் புரிந்தது. "வீட்ல இப்ப என்ன போன்ணே?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

2017 ஏப்ரலில் இங்கே பழைய போன்கள் ஓடிய 2ஜி சேவையை நிறுத்தியபோது, பழைய போனோடு வந்த ஒவ்வொருவரிடமும் உட்காரவைத்துக் கேட்டேன். யாருக்கு, எங்கே, இப்போது என்ன போன். வரிசை நீண்டது, முதலாளி முகம் சுளித்தார். அதனால் 2005 சரியாகிவிட்டதாகத் தோன்றவில்லை.

"கொண்டு வாங்கண்ணே, மாத்தித் தரேன்" என்று அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். டாப்-அப் கார்டை நீட்டினேன். சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.