வெருகல் வரைக்கும் ஒரு குரூப்

கதிர்காமப் பாதயாத்திரை யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி எங்கள் திருகோணமலை வழியாகத்தான் போகும். முழுத் தூரமும் நடக்க முடியாத எங்களைப் போன்றவர்கள் வெருகல் முருகன் கோயில் வரை போய்த் திரும்புவோம். இந்த முறை 86 பேர், நான்கு நாள் நடை. "டீச்சர் சொன்னால் கேட்பினம்" என்று வட்ஸ்அப் குரூப்புக்கு என்னை அட்மினாக்கிவிட்டார்கள்.

கோணேசரைக் கும்பிட்டு வெளிக்கிட்டோம். கிண்ணியாப் பாலத்தைத் தொடுமுன்பே குரூப் நிரம்பிவிட்டது. வேல் படம், மயில் படம், காலை வணக்கம். ஒருவர் 'அரோகரா' போட்டால் இருபது பேர் 'அரோகரா'. பக்தியில் போடுகிறார்கள், தடுக்க மனம் வரவில்லை. அது என் பிழை.

இரண்டாம் நாள், மூதூருக்குப் போகும் வழியில், பின்னால் வந்த ஓர் அம்மாவுக்குச் சீனி குறைந்து தலை சுற்றிவிட்டது. கூட வந்த பெடியன் 11.20க்கு எழுதினான்: "அம்மா ஒராள் விழுந்திட்டா, வானை அனுப்புங்கோ." வான் தண்ணீர்ப் போத்தல்களோடு முன்னால் போயிருந்தது. சாரதி அண்ணா அந்த வரியைக் கண்டபோது 12.05. அதற்குள் அதற்குக் கீழே 37 படங்கள் வந்து குவிந்திருந்தன. வைகாசி வெயில், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நேரம். வீதியோரக் கடைக்கார நானா ஒருவர் அந்த அம்மாவை உள்ளே படுக்கவைத்து, சீனி நிறையப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

பெடியன் ஏன் சாரதிக்கு நேரே அழைக்கவில்லை? 86 எண்களில் எது சாரதியுடையது என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

அன்று பின்னேரமே மாற்றினேன். அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்கிற வசதி வட்ஸ்அப்பில் 2018இலிருந்தே இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒருவராக ஒன்பது பேரை அட்மினாக்கினேன். குரூப் விவரத்தில் முதல் வரியாக வான் சாரதியின் எண், அடுத்து என் எண். 'அவசரம் என்றால் எழுத வேண்டாம், அழையுங்கள்.' படங்களுக்கும் அரோகராவுக்கும் வேறு குரூப். சிலருக்குக் கோபம்தான். ஒவ்வொருவரிடமும் நடந்தபடியே போய்ப் பேசினேன். அந்த அம்மாவின் கதையைச் சொன்னதும் சரி என்றார்கள்.

அப்புறம் கிளிவெட்டியில் தங்கிய இரவு ஒரு தங்கச்சி போனைக் கொண்டுவந்து காட்டினாள். குரூப்பில் இருந்து அவளுடைய எண்ணை எடுத்து, எங்களோடு நடக்கிற ஒருவர் தனியே செய்தி மேல் செய்தி அனுப்பியிருந்தார். 'சாமிக்கு வந்த பிள்ளை, விடுங்கோ' என்றார் பெரியவர் ஒருவர். சாமிக்கு வந்தவள்தானே அவளும்? செய்தி அனுப்பியவரைக் கூப்பிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்கவைத்து, அந்த இரவே குரூப்பிலிருந்து நீக்கினேன். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

வரும் வருடம் சாதாரண குரூப்பே வேண்டாம் என்றிருக்கிறேன். அதற்குப் பதிலாக, பல குரூப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் வட்ஸ்அப் கொம்யூனிட்டி. அதன் அறிவிப்புக் குழுவில் ஒருவருடைய எண், அதைச் சேமித்து வைத்திராத மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. பெயர் பதியும்போதே பெண்களிடம் இதைச் சொல்லிவிடுவேன். சாரதியின் எண்ணைக் காகிதத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று கையில் கொடுப்பேன்.