ஒயர் மாறியதால் வாங்கிய ஆம்ப்

என் வீட்டு ஸ்டீரியோவில் ஒன்றரை வருடம் மிருதங்கத்துக்கு இடது கை இல்லை. வலது பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கும். இடது பக்கமான தொப்பியின் கும்கி என்ற கனத்த நாதம் மட்டும் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல இருக்கும்.

ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு போதவில்லை என்று நானே முடிவுகட்டி, 50 வாட் ஆம்ப்பைத் தள்ளிவிட்டு 100 வாட் வாங்கினேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. எப்படி மாறும்? வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு). காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதற்குப் பதில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் வருகிறது என்ற கணக்கு அது. என்னுடையது 84. 90 போட்ட ஸ்பீக்கராக இருந்தால் அதே சத்தத்துக்குக் கால்வாசி வாட் போதும். (அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட், அதாவது கண நேர உச்சம் என்று சொல்லும் கணக்கு, போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.)

ஒருநாள் தங்கை வந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அண்ணா, பாடுறவர் எங்கே உட்கார்ந்திருக்கார்?" என்றாள். குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாததை நான் ஸ்டீரியோவின் விசாலம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்! அப்புறம்தான் வலது ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு முனையில் வர வேண்டிய ஒயர் கறுப்பில். இரண்டு இழையும் ஒரே மாதிரி இருக்கும் ஒயர். ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய கோடு. ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டின் பேஸும், அதாவது கனத்த கீழ் ஒலியும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போயிருக்கிறது. மாற்றிப் பூட்டினேன். பாடகர் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தார், தொப்பியும் வந்தது.

வந்தது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஸ்பீக்கர் இரண்டும் அறை மூலையில் இருந்ததால் பேஸ் பானைக்குள் பேசுவது போல முழங்கியது. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்ட் போட்டு, எனக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமபக்க முக்கோணம் அமையும்படி நாற்காலியை நகர்த்தினேன். தரையில் ஒரு தடித்த விரிப்பு. அவ்வளவுதான் செலவு.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். துளி சத்தம் கூடினாலே காது அதைத் தரம் என்று நம்பிவிடும். நான் கேட்ட இடத்தில் விலை கூடிய ஜோடிக்கு மாற்றும்போது வால்யூமும் லேசாக ஏறியது. சமமாக வைத்ததும் பாதி வித்தியாசம் போய்விட்டது.

அந்த 100 வாட் ஆம்ப் இன்னும் இருக்கிறது. வால்யூம் திருகு, கடிகார முள் கணக்கில், ஒன்பது மணி நிலையைத் தாண்டியதே இல்லை.