ஃபிலிமில் வராதது

டிசம்பர் 3

இன்று அம்மாவை என் மெஷினிலேயே படுக்க வைத்தேன். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாகப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டு ஆளை உள்ளே தள்ளுவது இதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விடச் சொன்னதற்கே அம்மாவுக்கு மனசில்லை. 2004 சுனாமியிலிருந்து தலைமாட்டில் செருப்பு இருந்தால்தான் தூக்கம். மெஷின் தடதடக்க ஆரம்பித்ததும் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டாள். அப்புறம் கன்சோலில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு, அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

டிசம்பர் 5

மூளையில் வயசுக்கேற்ற சுருக்கம், மற்றபடி நார்மல் என்று ரிப்போர்ட். பக்கத்து வீட்டு அத்தை, “ஒண்ணுமில்லையாமே! அப்புறம் எதுக்கு ராத்திரியில எந்திரிச்சு உட்காந்துக்குது?” என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொல்லி நச்சரித்தவளே அவள்தான். படத்தில் ஏதாவது தெரிந்தால் ஊர் நம்பும் என்று ஆசை.

டிசம்பர் 8

ராத்திரி பதினொன்று வரை வாக்குவாதம். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) உள்ளவர்களுக்கு, மூளையில் ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சிறுத்திருக்கும் என்கிறாள் அக்கா. சராசரியில் நிஜம்தான், ஒரு ஆளின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதுவும் போக, 2002-இல் வந்த வியட்நாம் இரட்டையர் ஆய்வில், போருக்குப் போய் இந்த நோயோடு திரும்பியவருக்கும், போரையே பார்க்காத அவருடைய இரட்டையருக்கும் அந்தப் பகுதி சிறியதாகவே இருந்தது. முன்பே அப்படி இருந்திருக்கலாம் என்றேன். “அப்ப அலை வரதுக்கு முன்னாடியே அம்மாவுக்குக் கோளாறுன்னு சொல்றியா?” என்று எழுந்து போய்விட்டாள். நான் சொன்ன நேரம் தப்பு.

டிசம்பர் 9

கோளாறு மூளையிலா மனசிலா என்கிற இந்தச் சண்டை நூறு வருஷப் பழசு. முதல் உலகப் போரில் நடுங்கிக்கொண்டு வந்த சிப்பாய்களின் நோயை ‘ஷெல் ஷாக்’ என்றார்கள். குண்டின் அதிர்ச்சி மூளையைத் தாக்குகிறது என்றார் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரெடரிக் மாட். குண்டு பக்கத்தில் விழாதவனும் நடுங்குகிறானே என்று மனசின் பக்கம் சாய்ந்தார் பிரிட்டிஷ் உளவியலாளர் சார்லஸ் மையர்ஸ். 2016-இல், குண்டுவெடிப்பில் சிக்கியிருந்த சில அமெரிக்க ராணுவத்தினரின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தபோது நுண்ணிய தழும்புகள் இருந்தன. நாங்கள் எடுக்கும் ஸ்கேனில் அவை தெரியாது. (எத்தனை ‘நார்மல்’ கொடுத்திருப்போம்!) ஆனால் அம்மா பக்கத்தில் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. தண்ணீர்தான் வந்தது.

டிசம்பர் 12

மனநல மருத்துவர் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் கிடையாது, ரத்தப் பரிசோதனையும் கிடையாது என்றார். அம்மாவோடு மட்டும் அரை மணி நேரம் பேசினார். ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும். “மாத்திரை மூளைக்குத்தானே டாக்டர்?” அக்கா விடுவதாக இல்லை. “பேச்சு மட்டும் வேற எங்கம்மா போகுது?” என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வை!

டிசம்பர் 26

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் நடந்த அஞ்சலிக்கு அக்கா மட்டும் போனாள். தொட்டி வழிகிற சத்தம் அம்மாவுக்கு ஆகாது என்று இந்த நாளில் மோட்டாரே போடமாட்டோம். இன்று ஒன்பது மணி வாக்கில் அம்மாவே போடச் சொன்னாள். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி நின்றாள்.

“நெறைஞ்சு வழியறதுக்குள்ள நிறுத்திடு.”